கழுத்துப் பூட்டு

கம்பெனி பஸ்ஸில் நான் ஏறிய முதல் வாரம். புதுவாயல் கூட்ரோட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் வேகமெடுத்ததும், என் முன் சீட்டிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. காய்ந்த முருங்கைக் கொம்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அப்படி. பஸ்ஸுக்கு அடியில் எதுவோ கழன்றுவிட்டது என்று நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு டக். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பெண் என் கையைப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல, அக்கா கழுத்து” என்றாள். ஏதோ மின்விசிறிச் சத்தத்தைச் சொல்வதுபோல.

ஆக, அக்காவை நான் முதலில் காதால் கேட்டேன். அப்புறம்தான் பார்த்தேன்.

பெயரை எழுதவில்லை. எழுதினால் எங்கள் கம்பெனி இருக்கிற தேர்வாய் கண்டிகையில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும், மீதிப் பேர் என் வீடு தேடி வந்து விசாரிப்பார்கள். எங்கள் லைனில் அக்காக்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் முன்னால் பின்னால் எதுவும் சேர்க்காமல் ‘அக்கா’ என்றால் அவள் ஒருத்திதான்.

அவள் நெட்டி எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. விரல்களில் ஆரம்பிப்பாள். அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பைத் திருகுவாள். அடியிலிருந்து மேல்வரைக்கும் தாயக்கட்டை உருண்ட மாதிரி சத்தம் ஏறிக்கொண்டே போகும். கடைசியாகக் கழுத்து. ஒரு கை தாடையில், ஒரு கை உச்சந்தலையில். கண்ணை மூடிக்கொள்வாள். முகம் கோயிலில் கற்பூரம் காட்டும்போது இருக்கிற முகம். ஒரே வெடுக்கு. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. பிறகு கண்ணைத் திறந்து, “பூட்டு தொறந்துச்சு” என்பாள்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கழுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அறிவியல் புத்தகத்தில் இருந்த எலும்புக்கூடு படம்தான். அதில் அவ்வளவு பெரிய மண்டையை ஒரு சின்னக் குச்சிமேல் வைத்திருப்பார்கள். அக்கா தாடையில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குச்சி ஞாபகம் வரும்.

“அக்கா, தலை கையோட வந்துட்டா இன்னாக்கா பண்ணுவ?”

“மடியில வச்சிக்கினு ஊட்டுக்குப் போறேன். ஒனக்கு இன்னா, நீயா டிக்கெட் எடுக்கப் போற?”

“இல்லக்கா, பயமா கீது.”

“என் ஒடம்புக்கு நானே பிட்டருடி. நட்டு டைட்டாச்சுன்னா லூஸ் பண்ணணும். அவ்ளோதான்.”

“கழுத்துல நட்டு இல்லியேக்கா.”

“ஒனக்குத்தான் இல்ல. அதான் எதுக்கெடுத்தாலும் தலை ஆடிக்கினே கீது.”

பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கண்ணை அவள் கழுத்திலிருந்து எடுக்காமல்.

அவளைச் சும்மா குறை சொல்லவும் முடியாது. எங்கள் கம்பெனியில் செய்வது தண்ணீர் பாட்டிலுக்கான மூடி. மிஷினிலிருந்து விழுகிற மூடிகள் பெல்ட்டில் ஓடி வரும். கரும்புள்ளி விழுந்தது, ஓரம் நசுங்கியது, இதையெல்லாம் பார்த்துப் பொறுக்கி எடுப்பதுதான் எங்கள் வேலை. பெல்ட் இடுப்பு உயரத்தில் ஓடும். அதனால் ஷிப்டு முழுக்கத் தலை கவிழ்ந்தே நிற்க வேண்டும். வேலை முடிந்து நிமிர்ந்தால் மோவாய் நெஞ்சில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். கவிழ்ந்த தலையோடு பஸ் ஏறும் எங்களைப் பார்த்து டிரைவர், “யாருமா செத்தது?” என்று கேட்பார். சிலர் தைலம் தேய்ப்பார்கள், சிலர் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். அக்கா பூட்டைத் திறப்பாள்.

ஆனால் ஒன்று. அடுத்தவர் கழுத்தைத் தொடமாட்டாள். பெண்கள் கெஞ்சியிருக்கிறார்கள். “எனுக்கும் ஒரு தபா எடுத்துவுடுக்கா” என்று தலையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். “அவங்கவங்க ஊட்டுப் பூட்ட அவங்கவங்க தொறங்க. எசகுபிசகா ஆச்சுன்னா நானா ஒன் புருசனுக்குச் சோறாக்கிப் போடுவேன்?” என்று விரட்டிவிடுவாள். தன் கழுத்தை அவள் நம்பிய அளவுக்குத் தன் கையை நம்பவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வந்திருந்தார். சின்ன வயசு. மிஷின்மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். எதிரே நாங்கள் நின்றால் கவனிக்கமாட்டார், மோட்டாருக்குச் சளி பிடித்தால் கண்டுபிடித்துவிடுவார். ஒருநாள் அவர் எங்கள் லைனைத் தாண்டும்போது அக்கா கழுத்தைச் சொடுக்கினாள். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். ஓடிப்போய் சிவப்பு பட்டனை அமுக்கினார். பெல்ட் நின்றது.

“பேரிங் போயிருக்குதுங்க. யாரும் கிட்ட வராதீங்க.”

இரண்டு பேர் வந்து பெல்ட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். இன்ஜினியர் தரையில் படுத்து கியர்பாக்ஸில் காதை வைத்தார். ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, வயிற்றுப் பிள்ளையின் நாடி பார்ப்பதுபோலக் கேட்டார். நாங்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து நின்றோம். அந்த நேரத்தில் நிமிர்ந்து நிற்பது எவ்வளவு சுகம் என்று சொன்னால் புரியாது. அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. டீ வந்தது. குடித்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய், கழுத்தை இடது பக்கம் ஒரு சொடுக்கு சொடுக்கினாள்.

இன்ஜினியர் எழுந்த வேகத்தில் தலை பெல்ட்டின் அடியில் இடித்தது.

“சார், பேரிங் இல்ல சார். நான்தான்.”

அவர் அவளையும் கியர்பாக்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங்க, உங்களுக்குக் கிரீஸ் வைக்கணுமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கால் வலித்தால் போதும், பெண்கள் அக்காவின் முதுகைச் சுரண்டுவார்கள். “யக்கா, பேரிங்க ஒடச்சு வுடுக்கா, பெல்ட்டு நிக்கட்டும்.”

அக்காவின் விரல்கள் அவளை முதன்முதலில் கைவிட்ட நாள், எங்கள் லைன் பெண் ஒருத்தியின் வளைகாப்பு. வீடு ஆந்திரா எல்லையை ஒட்டி. ஐந்தாறு பேர் வேன் பிடித்துப் போனோம். வளையல் போட்டு, சந்தனம் பூசி, கடைசியில் பிள்ளைத்தாய்ச்சிக்குத் திருஷ்டி கழிக்க வேண்டும். கன்னத்தை வழித்து, தன் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பார்களே, அது. எவ்வளவு சத்தமாக முறிகிறதோ அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று கணக்கு. “எங்க அக்காவக் கூப்புடுங்க, பத்து வெரலும் பட்டாசு மாதிரி வெடிக்கும்” என்று நாங்கள்தான் பெருமை பீற்றிக்கொண்டோம்.

அக்கா வந்தாள். கன்னத்தை வழித்தாள். விரலை மடக்கி அமுக்கினாள்.

ஒன்றுமில்லை.

நெட்டி எடுப்பவர்களுக்குத் தெரியும், ஒரு தடவை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு மறுபடி வராது. வேனில் வரும்போது அக்கா பத்து விரலையும் எடுத்துத் தீர்த்திருந்தாள். மறுபடி வழித்தாள், மறுபடி அமுக்கினாள். ஒரு விரல்கூடப் பேசவில்லை. மாமியார்க்காரி முகம் கறுத்துவிட்டது.

“இன்னா நைனா இது,” என்று தன் மகனைப் பார்த்துச் சொன்னாள். “நம்ம ஊட்டுப் பொண்ணுமேல ஒரு கண்ணுகூடவா படல? அவ்ளோ சுமாராவா கீறா?”

உட்கார்ந்திருந்த பெண் அழத் தயாராகிவிட்டாள். அக்கா ஒரு நொடி யோசித்தாள். இரண்டு கையாலும் அவள் முகத்தை மறுபடி வழித்து, அதைத் தன் தாடைக்கும் தலைக்கும் கொண்டுபோய், ஒரே வெடுக்கு. கூடத்தின் கடைசி வரிசைக்குக் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை விழித்து அழுதது.

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “யம்மா. கழுத்தே முறியற அளவுக்குல்ல கண்ணு பட்டுகீது.” அக்காவுக்கு மட்டும் இரண்டு தாம்பூலப் பை கொடுத்தாள். வேனில் திரும்பும்போது எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் இடது கையை உதறிக்கொண்டே வந்தாள். “இன்னாக்கா?” என்றேன். “ஒண்ணுமில்ல, எறும்பு ஊர்ற மாதிரி கீது” என்றாள்.

அந்த எறும்பு அன்றோடு போகவில்லை.

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். கவலைப்படுவதில் நான் கை தேர்ந்தவள். முன்பு ஒரு வெடுக்கில் திறந்த பூட்டு இப்போது திறக்கவில்லை. ஒன்று போதாமல் இரண்டு, மூன்று. கை வலு போதாமல் பஸ் ஜன்னல் கம்பியில் தாடையை முட்டுக்கொடுத்துத் திருகினாள். நெட்டி எடுத்த கொஞ்ச நேரத்துக்கு நன்றாக இருக்கும், அப்புறம் முன்னைவிடப் பிடிக்கும். நான் போனில் தேடிப் பார்த்தேன். தேடியிருக்கக் கூடாது. ஒரு வீடியோவில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வரிசையாக ஆட்களின் கழுத்தைத் திருப்பி மைக்கில் சத்தம் கேட்க வைத்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டு எழுந்தார்கள். அடுத்த வீடியோவில் கழுத்தைத் திருகி ஒரு பக்கம் கை கால் விழுந்துபோன ஆளைப் பற்றிச் சொன்னார்கள். எதை நம்புவது? என் வழக்கப்படி இரண்டாவதை நம்பினேன்.

பிறகு ஒருநாள் கேன்டீனில் அக்கா சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கட்டை விரலும் அடுத்த விரலும் பிடி கொடுக்கவில்லை. யாரும் பார்ப்பதற்குள் நான் வாங்கித் திறந்தேன். அவள் சோற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“யார்கிட்டயும் சொல்லாத.”

எனக்குக் காரணம் தெரியும். நாங்கள் எல்லோரும் கான்ட்ராக்ட். அடுத்த மாதம் மெடிக்கல் செக்கப் வைத்து, தேறுகிறவர்களைக் கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அக்கா அதற்காகப் பல வருடம் காத்திருந்தவள். அவள் வீட்டுக்காரருக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. மூடி பொறுக்குகிற லைனில் விரல் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் ரோலும் கிடையாது, லைனும் கிடையாது.

“டாக்டரப் பாக்கலாம்க்கா.”

“போனா வேலைக்கு ஆவாதுன்னு எழுதிக் குட்த்துடுவான். மெடிக்கல் முடியட்டும்.”

“அதுக்குள்ள கை வெளங்காம பூட்ச்சுன்னா?”

“ஒன் வாய்ல நல்லதே வராதாடி?”

அவளை அழைத்துப்போக எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், எனக்குத்தான் கழுத்து வலி, தனியாகப் போக பயமாக இருக்கிறது, துணைக்கு வா என்றேன். பயம் என்று நான் சொன்னால் நம்பாத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. திட்டிக்கொண்டே புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு எலும்பு டாக்டர். பெண். என்னை உட்கார வைத்துக் கழுத்தை அமுக்கிப் பார்த்தார். இங்கே வலிக்கிறதா, அங்கே வலிக்கிறதா என்றார். எங்குமே வலிக்கவில்லை. “பின்ன எதுக்கு வந்தீங்க?” என்றார். நான் பக்கத்தில் கையைக் காட்டினேன். “இவங்க கழுத்துக்கு, மேடம்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

“எனுக்கு ஒண்ணும் இல்ல மேடம். லேசா புடிச்சிக்கும், நானே எட்த்து வுட்ருவேன். இப்டி,” என்று தாடையில் கை வைத்தாள்.

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “கையை எடுங்க. மொதல்ல கையை எடுங்க.”

அக்கா கையை எடுத்தாள். ஒருவர் சொல்லி அவள் அந்தக் கையை எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் அவள் கட்டை விரலைத் தன் விரலோடு கோத்து இழுத்துப் பார்த்தார், கையில் ஊசி முனையை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார், தலை சுற்றல் உண்டா, நடை தள்ளாடுகிறதா என்று கேட்டார். பிறகு உட்கார்ந்து எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

“சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். எலும்பு உடையற சத்தம் இல்ல அது. மூட்டுக்குள்ள வழுவழுன்னு ஒரு தண்ணி இருக்கும், அதுல காத்து முட்டை உண்டாகிற சத்தம். கழுத்தை மெதுவா திருப்பும்போது அதுவா வந்தா வரட்டும். ஆனா கையால புடிச்சு வெடுக்குனு திருகறது வேற. மூளைக்குப் போற ரத்தக்குழாய் கழுத்து எலும்புக்குள்ளதான் போகுது. அது கிழியறது அபூர்வம். ஆனா கிழிஞ்சா பக்கவாதம் வரை போகும். உங்களுக்கு இப்பவே நரம்பு அழுத்துது, அதான் விரல் மரத்துப்போகுது. இனிமே திருகவே கூடாது.”

“லேசாக்கூடவா மேடம்?”

“லேசாக்கூட.”

“ஞாயித்துக்கெழம மட்டும்?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் அக்காவின் கழுத்துக்கு நான் காவலாகிவிட்டேன். மாத்திரை எழுதி, பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசியாக டாக்டர் ஒன்று சொன்னார். “நாள் பூரா குனிஞ்சு நிக்கிற வேலை இருக்கிறவரைக்கும் இது திரும்பத் திரும்ப வரும். கம்பெனியில சொல்லுங்க.”

வெளியே வந்து அக்கா ரோட்டோரத்தில் நின்றாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒன்றைத் தாண்டவிட்டாள். பிறகு, “கம்பெனியில சொல்லுங்களாம்” என்றாள். “அவங்களா வந்து என் ஊட்டுக்கு அரிசி வாங்கிப் போடுவாங்க?”

அதற்கடுத்த வாரங்கள் யாருக்குமே நன்றாக இல்லை. நெட்டி எடுக்காத அக்கா, டீ கிடைக்காத டிரைவர் மாதிரி. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். கை தானாகத் தாடைக்குப் போகும். பஸ்ஸில் நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வேன். “போலீசு, வுடுடி, மூக்கு அரிக்குது” என்பாள். மூக்கை நானே சொறிந்து விடுவேன். பின் சீட்டுப் பெண்கள், இன்றைக்கு அக்கா தாங்குவாளா மாட்டாளா என்று பந்தயம் கட்டினார்கள். அக்கா மெதுவாகத் தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய்க்கிற பயிற்சியை, பழி வாங்குகிறவள் மாதிரி முகத்தோடு செய்தாள். எறும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. டப்பா மூடியைத் தானே திறந்தாள். ஆனால் ஷிப்டு முடிகிற நேரத்தில் கையை உதறுவது மட்டும் நிற்கவில்லை. டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது.

மெடிக்கல் நாள் வந்தது. கேன்டீனில் பச்சைத் திரை கட்டி உள்ளே டாக்டரை உட்கார வைத்திருந்தார்கள். நாங்கள் வரிசையில் நின்றோம். திரைக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் கேட்டது. ஏதாவது தொந்தரவு உண்டா என்று டாக்டர் கேட்பார், ஒவ்வொருத்தியாக “ஒண்ணும் இல்ல சார்” என்பாள். முட்டி வீங்கியவளும் அதைத்தான் சொன்னாள், காலையில் மயங்கி விழுந்தவளும் அதைத்தான் சொன்னாள். எங்கள் லைன் அவ்வளவு ஆரோக்கியமான லைன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அக்கா உள்ளே போனாள். சொன்னாலும் வேலைக்கு ஆபத்து, சொல்லாவிட்டாலும் கழுத்துக்கு ஆபத்து. எதற்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

“தொந்தரவு ஏதாவது?”

வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

“கீது சார்,” என்றாள் அக்கா. “குனிஞ்சே நின்னுக்கினு கழுத்து போச்சு. வெரலு மரத்துச்சு. இப்ப தேவல. குனிஞ்சு நிக்காத எடமா பாத்து வுட்டா, எந்த வேலயும் செய்வேன்.”

“இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லல?”

“பயம்தான் சார். என்கூட ஒரு பயந்தாங்கொள்ளி கீறா. பயந்துக்கினே அவ டாக்டர்கிட்ட இட்டுகினு போனா. நான் மட்டும் பயந்துக்கினு சும்மா இருந்தா நல்லாவா கீது?”

திரை விலகியது. வெளியே வந்தவள் என்னைப் பார்க்காமலே போனாள். ஏற்கெனவே உள்ளே போய் வந்துவிட்ட முட்டி வீங்கியவள், மறுபடி வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். “நானும் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்” என்றாள்.

ரோலுக்கு எடுத்த பெயர்களில் அக்கா பெயர் இல்லை. ஆனால் வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. அட்டைப்பெட்டி மடிக்கிற பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே மேஜை நெஞ்சு உயரம், நிமிர்ந்து நிற்கலாம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். “கழுத்தும் போவல, வேலயும் போவல. பர்மனென்டு மட்டும் தள்ளிப் போய்க்கினே கீது” என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது சிரித்தாள். முழுசாக இல்லை.

புது இடத்துக்குப் போய்ச் சில வாரம் கழித்து, ஒரு காலை. பஸ்ஸில் பழக்கப்படி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஒரு ஸ்பீடு பிரேக்கரைக் கவனிக்காமல் ஏற்றி இறக்கினார். எல்லோரும் சீட்டிலிருந்து எகிறி விழுந்தோம். அந்த நொடி அக்கா கழுத்து ‘டக்’ என்றது.

பஸ் முழுக்கத் திரும்பியது. அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

“நான் இல்ல. சத்தியமா நான் இல்ல. ஸ்பீடு பிரேக்கரு.”

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “வெரலு, அக்கா? எறும்பு கீதா? கட்ட வெரலு?” என்றேன். அவள் பதில் சொல்லாமல் என் உள்ளங்கையை எடுத்து, இடது கைக் கட்டை விரலை நடுவில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

“வலிக்குதுக்கா.”

“நல்லா வலிக்குதா?”

“உயிர் போவுது.”

“அப்ப வெரலு நல்லா கீது. சும்மா வா,” என்றாள்.

இருந்தாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இன்னும் ஒரு தடவை அழுத்தச் சொல்லிக் கையை நீட்டினேன்.